ஷெட் இல்லாத கார்

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். பாலம் கட்டும் இடம் இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. போனுக்கு டவர் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் வரும் சாமான் லாரியில்தான் தபாலும் வருகிறது. அதனால் இனி நமக்குள் கடிதம்தான். உங்களுக்குப் போனில் பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை என்பதால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வண்டியை உங்கள் வீட்டுப் பக்கவாட்டில் வெட்டவெளியில் நிறுத்திவிட்டு வந்தது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. என்னைவிட ஆறு வயது மூத்த ஸ்போர்ட்ஸ் கார் அது. என் கைக்கு வந்த பிறகு ஒரு நாள்கூட அதை மழையில் நிற்கவிட்டதில்லை. வந்த அவசரத்தில் உங்களிடம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு வரவும் முடியவில்லை. சிரமம் பார்க்காமல் சில வேலைகளைச் செய்துகொடுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். இழுத்தபடியே விட்டால் மாதக்கணக்கில் நிற்கும்போது ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாகச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வெறும் மண்ணில் நிற்க வேண்டாம், சக்கரத்துக்கு அடியில் பலகை போட வேண்டும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். டேங்கில் பெட்ரோலை வாய்வரை நிரப்பச் சொல்லுங்கள். காலி இடம் இருந்தால் உள்ளே ஈரம் கோக்கும். சைலன்சர் வாயைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அடைத்துவிட்டால் எலி நுழையாது. ஆசையாக ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம், அது நல்லதைவிடக் கெடுதல்தான் செய்யும். எல்லாம் முடிந்ததும் டிக்கியில் இருக்கும் சாம்பல் நிறத் துணிக் கவரைப் போட்டுவிடுங்கள். கூரை வெறும் கேன்வாஸ், அது ஞாபகம் இருக்கட்டும்.

உங்கள் மகள் அங்கே எப்படி இருக்கிறாள்? வாண்டு என்னைத் தேடுகிறாளா?

உங்கள் மருமகன்


ஜூன் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று நாள் வேலை செய்தேன். முப்பத்தாறு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவனுக்கு இது ஒரு செய்முறைத் தேர்வு மாதிரிதான். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஓரத்தில் டிக் போட்டேன். பேட்டரி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கட்டை வைக்கும்போது எதிர்வீட்டு டெய்லர் வந்து, "சார், வண்டிக்கு வயசாயிடுச்சா, ஊன்றுகோல் குடுக்கறீங்க?" என்றார். அவரையே பலகை பிடிக்க வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் நானாகச் செய்தேன். அந்தத் துணிக் கவரை வாயருகில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று அந்தப் பக்கம் போகிறது. இது மழைக்குத் தாங்காது என்று கெட்டி நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கி, கவருக்கு மேலே போட்டு, நாலு பக்கமும் தரைவரை இழுத்துக் கயிற்றால் கட்டிவிட்டேன். இனி ஒரு சொட்டு உள்ளே போகாது. நிம்மதியாக வேலை பாருங்கள்.

இப்போது நிம்மதியில்லாத செய்தி. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த உங்கள் மனைவி இதைப் பார்த்து நின்றாள்.

"என்னப்பா, பார்சல் கட்டியாச்சா?"

"மழை வரப்போகுதும்மா."

"அஞ்சு வீடு பார்த்தோம். அஞ்சையும் ஷெட் இல்லன்னு வேண்டாம்னாரு. நான் தினமும் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். இப்ப அவரு வண்டி எங்க நிக்குது? ஷெட்டுலயா நிக்குது?"

நான் பேச்சை மாற்ற உங்கள் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"வண்டியைப் பத்தி ஒரு பக்கம். எங்களைப் பத்தி ஒரு வரி. மூணு பேர் குடும்பத்துக்கு ரெண்டு சீட்டு வண்டி வாங்கினவரு வேற எப்படி எழுதுவாரு?"

கேட்க எனக்கே சுருக்கென்றிருந்தது. அதோடு முடியவில்லை. வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்று அவளுக்குப் பிசியோதெரபி பிரிவின் பொறுப்பைக் கொடுக்கிறது. தங்க வீடும் தருகிறார்கள். ஆகஸ்ட் 14-க்குள் பதிலைத் தபாலில் போட வேண்டும். போனால் வாண்டுவையும் கூட்டிக்கொண்டு போவாள். என் மகளை எனக்குத் தெரியும், போனவள் பழைய குடும்பம் என்று திரும்ப மாட்டாள்.

நேரடியாக அவளுக்கு எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்து இருக்கும் உறையைப் பிரிக்க மாட்டேன் என்று என்னிடமே சொல்லிவிட்டாள். அவளுக்கு எழுதுவதை எனக்கு வரும் உறைக்குள் வையுங்கள். சமயம் பார்த்து நான் கொடுக்கிறேன்.

வாண்டு தார்ப்பாயைத் தட்டித் தட்டி, "அப்பா காரு தூங்குது" என்று எல்லோரையும் அதட்டுகிறாள்.

அன்புடன்,
மாமா


ஜூலை 1

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே போய் அந்தத் தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

அவிழ்த்துவிட்டீர்களா? மாமா, துணிக் கவரில் காற்று போவது அதன் குறை இல்லை, அதற்காகத்தான் அந்தத் துணியையே வாங்கினேன். தரையிலிருந்து ஈரம் ஆவியாகி மேலே வரும். பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. பகலில் உள்ளே வெந்து, இரவில் குளிர்ந்து, எல்லாம் தண்ணீராகி வண்டிமேலேயே படியும். சூடாக அடைத்த டிபன் டப்பாவைத் திறந்தால் மூடியில் தண்ணீர் கோத்திருக்குமே, அதே கதைதான். மழையில் நனைந்த வண்டி வெயிலில் காய்ந்துவிடும். மூடிவைத்த வண்டி காயவே காயாது. இனி மழையில்லாத காலையில் துணிக் கவரையும் ஒரு மணி நேரம் எடுத்து வையுங்கள்.

உங்கள்மேல் கோபமில்லை. தார்ப்பாய் என்றதும் பதறிவிட்டேன், அவ்வளவுதான்.

அவள்மேல் இருந்த கோபத்தில் இந்த வேலையைத் தேடிக்கொண்டு வந்துவிட்டேன். ஆகஸ்ட் 14 என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எதை விட்டுவிட்டு வந்தேன் என்று உறைத்தது. அவளுக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீங்கள் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். அவள் வரச் சொன்னால் எப்படியாவது இரண்டு நாள் லீவு வாங்கி வந்து நிற்பேன்.

உங்கள் மருமகன்


ஜூலை 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

தார்ப்பாயை அவிழ்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன். கேன்வாஸ் கூரையில் வெள்ளையாகப் பூசணம். இடது கதவின் கீழ்ப்பக்கம் பெயிண்ட் கொப்புளம் போட்டிருக்கிறது. எண்ணினேன், பதினொன்று. ஒன்றை நகத்தால் தொட்டேன், உள்ளே பழுப்பாகத் துரு. நீராவி குளிர்ந்தால் நீராகும் என்று எத்தனை வருஷம் ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! பாடம் நடத்தியவன் வீட்டு வாசலில் இப்படி ஆகியிருக்கிறது. மெக்கானிக்கை அழைத்துக் காட்டினேன். "கதவோட போச்சு சார், இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா அடித்தகடும் போயிருக்கும்" என்றார். என்னை மன்னியுங்கள்.

இனி உங்கள் மற்றக் கடிதம். நீங்கள் அனுமதித்ததால் படித்தேன். அதை அவளிடம் கொடுக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

பதறாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். ஒன்றரைப் பக்கத்தில் வண்டி ஒன்பது தடவை வருகிறது. மன்னிப்பு ஒரு தடவைகூட இல்லை. ஒருமுறை தமிழாசிரியர் லீவில் போனபோது நான் கட்டுரைத் தாள் திருத்தினேன். 'என் தாய்' என்பது தலைப்பு. ஒரு பையன் தாயை விட்டுவிட்டு அவள் தையல் மெஷினைப் பற்றியே நாலு பக்கம் எழுதியிருந்தான். நல்ல பையன்தான். ஆனால் கேட்டது என்ன, எழுதியது என்ன? நீங்கள் செய்திருப்பதும் அதுதான்.

பென்சிலால் குறித்திருக்கிறேன், பாருங்கள். மழைத் தண்ணீரில் வண்டி நின்றுபோய், அவள் ஸ்டீயரிங் பிடிக்க நீங்கள் தள்ளியதும், எஞ்சின் பிடித்ததும் நிறுத்தத் தெரியாமல் அவள் உங்களை விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் போய்விட்டதும் ஒரு முழுப் பத்தி. தேவையில்லை. 'உன் சீட்டை நீ முன்னால் தள்ளிவைத்த இடத்திலேயே விட்டிருக்கிறேன்' என்று ஒரு வரி. அது எதற்கு? ஷெட் இல்லாததால்தான் வீடுகளை வேண்டாம் என்றேன் என்று ஓரிடத்தில் எழுதிவிட்டு, 'மூன்றாவது வீடு எனக்கும் பிடித்திருந்தது, முதல் இரண்டை வேண்டாம் என்ற வாயால் சரி என்று சொல்ல வரவில்லை' என்று இன்னோரிடத்தில் எழுதுகிறீர்கள். முன்னுக்குப் பின் முரண். படிப்பவள் இதில் எதை எடுத்துக்கொள்வாள்?

வண்டியை எடுத்துவிட்டு, நேரடியாக, தெளிவாக மறுபடி எழுதுங்கள். செய்த தவறு, வருத்தம், இனி என்ன செய்யப்போகிறீர்கள். இதற்கு மூன்று பத்தி போதும். இன்னும் ஒரு மாதத்துக்குமேல் இருக்கிறது. அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
மாமா


ஜூலை 21

மாமாவுக்கு,

அது நான் உங்களுக்கு எழுதிய பரீட்சை இல்லை. என் பெண்டாட்டிக்கு எழுதியது.

உங்கள் உறையைப் பிரித்ததும் அவள் பதில்தான் என்று நினைத்தேன். கூட வேலை பார்க்கும் கிரேன் டிரைவர் பக்கத்தில் நின்று, "என்ன சார், நல்ல சேதியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் என் கையெழுத்து, அதன்மேல் பென்சில் கோடு. கோபத்தில் கிழித்து அங்கேயே அடுப்பில் போட்டுவிட்டேன்.

பிறகு இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் அவளைப் பிறந்ததிலிருந்து பார்ப்பவர். நான் ஆறு வருஷமாகத்தான் பார்க்கிறேன், அதிலும் பாதி நாள் பானெட்டுக்குள் தலையை விட்டபடி. அதனால் நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மூன்று பத்தி. வண்டி ஒரு இடத்தில்கூட இல்லை. இந்தத் தடவை ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து அன்றைக்கே கொடுங்கள். இங்கே மழை பிடித்துவிட்டது. லாரி எந்த வாரம் நிற்குமோ தெரியவில்லை.

கதவு போனால் போகட்டும்.

மருமகன்


ஆகஸ்ட் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நேற்றே கொடுத்தேன். உங்கள் கையெழுத்துதான், ஆனாலும் ஒரு தடவை படி என்று கெஞ்சிய பிறகு பிரித்தாள். சமையல் மேடைமேல் சாய்ந்து நின்று படித்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

"இதை அவரு எழுதல" என்றாள்.

"அவரு கையெழுத்துதானேம்மா?"

"கையெழுத்து அவரோடது. 'உன் மனம் புண்படும்படி நடந்துகொண்டமைக்கு வருந்துகிறேன்'. நடந்துகொண்டமைக்கு! அவரு வாயில அது நுழையுமாப்பா? எனக்குக் காய்ச்சல் வந்தா ஸ்கூலுக்கு இப்படித்தான் லீவ் லெட்டர் எழுதிக் குடுப்பீங்க."

நான் பேப்பரை மடித்தேன்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"கொஞ்சம்... வழி சொன்னேன்."

"சொந்தமா ரெண்டு வார்த்தை எழுதக்கூட அவருக்கு மாமனார் வேணும். சரி, எனக்குத் தெரியவேண்டியது தெரிஞ்சுபோச்சு."

கடிதத்தை மடித்து, மளிகைச் சீட்டுகள் செருகும் கம்பியில் செருகிவிட்டாள். அங்கேயேதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவை தண்ணீர் குடிக்கப் போகும்போதும் பார்க்கிறேன்.

முதல் கடிதம் ஒன்று வந்தது, அதை நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம்தான். நீங்கள் அதை அடுப்பில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, இப்போது எதைக் காட்டிப் பேசுவேன்?

லீவு கேளுங்கள். உடனே கிளம்பி வந்துவிடுங்கள். அல்லது அந்த முதல் கடிதத்தை அப்படியே ஞாபகப்படுத்தி மறுபடி எழுதுங்கள். ஒரு வார்த்தைகூட மாற்றாமல். பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

மாமா


ஆகஸ்ட் 8

மாமா,

சாலை இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. லாரி வளைவுவரைதான் வருகிறது. தபாலை ஆட்கள் தோளில் சுமந்து போகிறார்கள். நடுத்தூண் இன்னும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரவில்லை. என் பொறுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டு வர முடியாது.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அன்று மழை, வேலை நடக்கவில்லை. ஒரே மூச்சில் எழுதியது. இப்போது உட்கார்ந்தால் உங்கள் மூன்று பத்திதான் வருகிறது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு வண்டியை எடுத்துப் போகச் சொல்லிவிடுங்கள். வேண்டியவர்களுக்குக் கொடுக்கட்டும். அதைப் பற்றி எனக்கு இனி எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் 13-ஆம் தேதி மாலை வந்தது. நீங்கள் சொன்னபடி மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்கள் அத்தை இருந்திருந்தால் ஜூலையில் வந்த கடிதத்தை ஜூலையிலேயே கொடுத்திருப்பாள், இந்த நிலைமையே வந்திருக்காது.

14-ஆம் தேதி காலை, மழை விட்டிருந்தது. வழக்கம்போலக் கவரை எடுத்து மதில்மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிய பதில் அவள் பையில் இருந்தது. சொன்னேன். முதல் கடிதம் வந்தது, படித்தேன், குறி போட்டுத் திருப்பி அனுப்பினேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

என் மகள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினாள்.

"எனக்கு வந்த லெட்டரை நீங்க எப்படிப்பா திருப்பி அனுப்பலாம்? எனக்கு முப்பத்திரண்டு வயசுப்பா!"

"நல்லா வரட்டும்னுதாம்மா..."

"யாருக்கு நல்லா? எனக்கா, உங்களுக்கா?"

டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் தாள் திருத்தியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சரியாக எழுதியதெல்லாம் மறந்துபோகும், குறி போட்ட வரி ஒன்றும் மறக்காது. அதனால் நான் கோடு போட்டவற்றை மட்டும் வரிசையாகச் சொன்னேன். நீங்கள் எழுதிய சொற்களிலேயே, நின்றபடியே, பாடம் ஒப்பிக்கும் பையன் மாதிரி.

நீங்கள் வண்டியைத் தள்ளியதைச் சொன்னபோது, "ஒரு கிலோமீட்டர் இல்ல, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டேன்" என்று குறுக்கே சொன்னாள். சிரிக்கவில்லை. சீட்டைப் பற்றிய வரிக்குக் குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பிறகு மூன்றாவது வீட்டைச் சொன்னேன்.

"என்னது?"

மறுபடி சொன்னேன்.

"பிடிச்சிருந்துதுன்னு எழுதியிருந்தாரா?"

"ஆமா. முதல் ரெண்டை வேண்டாம்னு சொன்ன வாயால சரின்னு சொல்ல வரலைன்னு எழுதியிருந்தார். நான் முரண்னு குறிச்சேன்."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த வீட்டை விட்டு வெளியே வர்றப்ப ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தாருப்பா. பிடிச்சிருக்கான்னு கேட்டேன். பதிலே சொல்லல. அன்னையிலேருந்துதான் நாங்க சரியாப் பேசிக்கல." பையை மடியில் வைத்துக்கொண்டாள். "இதை ஜூலையிலயே குடுத்திருந்தீங்கன்னா..." என்றாள். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

பதிலை அன்றே தபாலில் போட்டுவிட்டாள். வருகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறாள். நேற்று முன்தினம் வாண்டுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள். வீட்டில் இப்போது நான் ஒருவன்தான்.

ஆனால் மாப்பிள்ளை, கிளம்புவதற்கு முந்தின நாள் மெக்கானிக் கயிறும் ஆளுமாக வந்து நின்றார். அவளே வாசலுக்குப் போய், "வண்டிய யாரும் இழுத்துட்டுப் போக வேண்டாம், அவரே வந்து எடுக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். உள்ளே வந்து என்னிடம், "எழுதணும்னா எனக்கு எழுதச் சொல்லுங்க. பிரிச்சுப் படிப்பேன். அதுக்குமேல இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. நடுவுல நீங்க வேண்டாம்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்தத் தாளின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்தில் புது முகவரி இருக்கிறது. சாலை எப்போது சரியாகுமோ, உங்கள் தூண் எப்போது மேலே வருமோ, அதையெல்லாம் அவளுக்கே எழுதுங்கள். வாக்கியம் எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள். வண்டியைப் பற்றி எழுதத் தோன்றினால் அதையும் எழுதுங்கள்.

எனக்குப் பதில் போட வேண்டாம்.

மாமா